வாசிக்கிற கையில் வலி: வேலூர் வட்டாரக் கலைஞர்களுக்குப் பதில்கள்

நான் வேலூரில் இயன்முறை மருத்துவர். சிறு வயதிலிருந்து மிருதங்கமும் வாசிக்கிறேன். கை, தோள், முதுகு வலி பற்றி நம் பக்கத்துக் கலைஞர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நேரில் தொட்டுப் பார்க்காமல் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. மருத்துவரிடம் போகச் சொல்லும் இடங்களில் கட்டாயம் போங்கள்.

ஆடி மாதம் முடிவதற்குள் வலது தோளைத் தூக்க முடிவதில்லை. மற்ற மாதங்களில் ஒன்றும் இல்லை. வயது 42. வயசாகிவிட்டதா? (பம்பை, குடியாத்தம்)

வயசு காரணம் இல்லை அண்ணா. உங்கள் வருடத்தைப் பாருங்கள். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அப்புறம் ஆனி முழுக்கக் கொஞ்சம் ஓய்வு, ஆடி பிறந்ததும் ஊர் ஊராக அம்மன் கோயில், கூழ் ஊற்றுதல், விடிய விடியப் பம்பை. தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசையை எலும்போடு கட்டியிருக்கிற தசைநாண் அப்படி இல்லை, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சும்மா இருந்த தோளுக்கு ஒரே வாரத்தில் நான்கு மடங்கு வேலை கொடுத்தால் முதலில் புண்ணாவது அந்த நாண்தான். நாதஸ்வரம், தவில்காரர்களுக்கும் இதே கதைதான், மாதம் மட்டும் வேறு. மார்கழியில் கல்யாணம் இல்லை, தை பிறந்ததும் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். என்னிடம் வருகிறவர்களில் பலர் சீசன் தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் வருகிறார்கள்.

அதனால் ஆனியில் வாத்தியத்தை மூலையில் வைக்காதீர்கள். தினமும் அரை மணி நேரமாவது கட்டிக்கொண்டு வாசியுங்கள். ஆடி நெருங்க நெருங்க வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். நிகழ்ச்சி நடக்கும்போது, உடுக்கைக்காரர் பாடுகிற இடங்களில் கையைத் தொங்கவிட்டு உதறிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். உங்களால் தூக்க முடியாத கையை வீட்டில் ஒருவரைத் தூக்கச் சொல்லுங்கள். அவர் தூக்கினால் மேலே போகிறதென்றால் பெரும்பாலும் நாண் சம்பந்தப்பட்டது. அவர் தூக்கினாலும் பாதியில் முட்டி நின்றால் தோள் மூட்டே இறுகியிருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். இதுவரை பார்க்காவிட்டால் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் நான்கு மணி நேரம் ஓடுகிறது. தப்பா? (நாதஸ்வரம், வாலாஜா)

ஆமாம் ஐயா, தப்புதான். நம் ஊரிலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர்களின் விரல்கள் நோயால் தானாக அழுகிப் போவதில்லை, வலி உணர்வு செத்துப்போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயம்பட்டுப் பட்டுத் தேய்கின்றன என்று காட்டியவர் அவர். அந்த நோயாளிகளுக்கு நோய் செய்ததை நீங்கள் மாத்திரையால் உங்கள் கைக்குச் செய்துகொள்கிறீர்கள். வலி தெரியாத நான்கு மணி நேரமும் நாண் கிழிந்துகொண்டுதான் இருக்கும்.

அது போக, டைக்ளோபெனாக் மாதிரி மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஊர்வலம் போகிற உடம்பில் சிறுநீரகத்துக்கும் அது ஆபத்து. காயம் ஆறும் நாட்களில் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் போடுங்கள். வாசிப்பதற்காகப் போடாதீர்கள்.

உங்கள் வலி வலது கட்டைவிரல் அடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். வாத்தியத்தின் கனம் அங்கேதான் இறங்குகிறது. வீட்டில் சாதகம் செய்யும்போது உட்கார்ந்து, அணசை (அடியில் விரிந்திருக்கிற புனல் பகுதியை) ஒரு முக்காலியில் தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரிக்கு மட்டும் கனத்தைக் கை தாங்கட்டும்.

வயலின் மாணவி. இடது கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்கிறது. ஒரு மாதம் வயலினைத் தொடாதே என்கிறார்கள். (சத்துவாச்சாரி)

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாரும்மா. உயிர் போகிற மாதிரி வலித்தால் கட்டைவிரல் நாணின் உறை வீங்கியிருக்கலாம். ஒரு கேள்வி: செல்போனை எந்தக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளுகிறாய்? பழியெல்லாம் வயலின் மேல் விழுகிறது, ஆனால் போனைப் பிடிக்கிற நேரம்தான் பெரும்பாலும் அதிகம். முதலில் அதைக் குறை.

ஒரு மாதம் முழுக்க நிறுத்தத் தேவையில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பினால் குடியாத்தம் அண்ணாவுக்குச் சொன்ன கதைதான். பத்து நிமிடம் வாசி, ஐந்து நிமிடம் விடு. கமகத்துக்கு விரல் வழுக்கும்போது கட்டைவிரல் கழுத்துப் பலகையை நெரிக்கிறதா என்று உன் குருவைப் பார்க்கச் சொல். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போ.

ராத்திரி தூக்கத்தில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகிறது. கையை உதறினால்தான் சரியாகிறது. (மிருதங்கம், ராணிப்பேட்டை)

மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம் இது. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் அடிச்சதை வற்றியிருந்தாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் தடுமாறினாலோ காத்திருக்கக் கூடாது, நரம்புப் பரிசோதனை வேண்டும்.

தெருக்கூத்தில் ஆர்மோனியம். விடிவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது. (ஆரணி பக்கம்)

தரையில் உட்காராமல் நான்கு விரற்கடை உயரமாவது பலகையோ மடித்த ஜமுக்காளமோ போட்டு உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசுகிற நேரம் எழுந்து நின்று பின்பக்கம் வளையுங்கள். சபையில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வலியே இல்லை. ஆனால் கீபோர்டில் கை வைத்தால் மோதிரவிரல் தானாகச் சுருண்டுகொள்கிறது. இன்னும் சாதகம் செய்தால் சரியாகுமா? (காட்பாடி, தேவாலயத்தில் வாசிப்பவர்)

தயவுசெய்து செய்யாதீர்கள் தம்பி. விரலில் கோளாறு இல்லை, விரலை ஆட்டுவிக்கும் மூளைப் பாதையில் வருவது இது. அடித்து வாசித்தால் கெட்டிப்படும். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் பிளைஷருக்கு 1960-களில் வலது கையில் இதேதான் வந்தது. வருடக்கணக்கில் இடது கைக்கு எழுதப்பட்ட இசையை வாசித்தார். இறுகிய தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும் தசையை அழுத்திப் பிடித்துவிடும் சிகிச்சையும் கிடைத்த பிறகுதான் இரண்டு கையாலும் மேடைக்குத் திரும்பினார். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், வாசிக்கும்போது எடுத்த வீடியோவைக் கொண்டுபோங்கள். சும்மா இருக்கும் கையைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

தவில் வாசித்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தால் இடது தோளும் தாடையும் வலிக்கிறது. நின்றால் போய்விடுகிறது. உட்கார்ந்து வாசித்தால் வலியே இல்லை. வயது 56. வார்ப்பட்டையை மாற்றட்டுமா? (சோளிங்கர்)

பட்டை வேண்டாம் அண்ணா. பட்டையால் வருகிற வலி தவிலை மாட்டிக்கொண்டு சும்மா நின்றாலும் இருக்கும். நடந்தால் வந்து, நின்றால் போகிற வலி இதயத்திலிருந்து வரலாம். இதைப் படித்ததும் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் இசிஜி எடுங்கள். நாளைக்கு முகூர்த்தம் ஒத்துக்கொண்டிருந்தால் வேறு ஆளை அனுப்புங்கள்.