சோலாருக்கு பேட்டரி சேர்க்கலாமா?

கேள்வி: சார், போன வருஷம் மானியத்துல மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டோம், நெட் மீட்டரும் வந்துருச்சு. ஆனா கரண்ட் போனா சோலாரும் நின்னுடுது, பட்டப்பகல்ல வெயில் கொளுத்துறப்பவே ஃபேன் ஓடல. பேட்டரி சேர்த்துடலாமா? - வாசகி, தென்காசி

பதில்: உங்க சிஸ்டத்துல கோளாறு இல்லம்மா. லைன்ல கரண்ட் இல்லன்னா ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (சோலார் கரண்டை ஈபி லைனோட சேர்க்குற பெட்டி) தானா ஆஃப் ஆகத்தான் வேணும், இல்லன்னா கம்பத்துல வேலை பாக்குற லைன்மேனுக்கு ஷாக் அடிச்சிடும், உயிர் விஷயம் அது.

பில்லை குறைக்கத்தான் பேட்டரின்னா வேணாம்னுதான் சொல்லுவேன். நெட் மீட்டர் இருக்குறதால பகல்ல நீங்க லைனுக்கு அனுப்புற யூனிட்டை நீங்க எடுக்குற யூனிட்டுல கழிச்சிடுறாங்க, கரண்டை சேத்து வைக்கிற வேலையை ஈபி லைனே செய்யுறப்ப அதுக்கு தனியா அவ்ளோ காசு எதுக்கு? மத்திய அரசு திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு தர்ற 78,000 ரூபாயும் பேட்டரிக்கு கிடையாது.

மணிக்கணக்குல கரண்ட் போற ஏரியா, இல்ல வீட்டுல ஆக்சிஜன் மெஷின்ல பெரியவங்க இருக்காங்கன்னா யோசிக்கவே வேணாம், போடுங்க. லித்தியம்தான் நல்லது, அதுலயும் அயர்ன் பாஸ்பேட் வகை, சூட்டையும் தாங்கும், டிஸ்டில்டு வாட்டர் ஊத்துற வேலையும் இல்ல. 5 யூனிட் கரண்ட் பிடிக்கிற பேட்டரி இருந்தா நாலு ஃபேன், லைட், வைஃபை எல்லாம் ராத்திரி தாங்கிடும், ஏசி போட்டா சட்டுனு தீந்துடும். ஆனா உங்க இப்போதைய இன்வெர்ட்டர்ல பேட்டரியை நேரா மாட்ட முடியாது, பெரும்பாலும் சோலார், லைன், பேட்டரி மூணையும் சேர்த்து ஓட்டுற ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாத்தணும், அந்த செலவையும் சேர்த்து கொட்டேஷன் கேளுங்க. எப்பவாவது ஒரு மணி நேரம்தான் போகுதுன்னா சாதா இன்வெர்ட்டரும் ஒரு டியூபுலர் பேட்டரியுமே தாராளம்.