பத்து நிமிட வின்செல்சி

வணக்கம் ஐயா. போன மாதம் இங்கிலாந்தின் தென்கரையில் ரை ஊருக்குக் குடும்பத்தோடு போனோம். கூழாங்கல் பதித்த தெருக்கள், கடத்தல்காரர்கள் கூடிய மெர்மெய்ட் விடுதி என எல்லாமே பிடித்துவிட்டது. மூன்று கிலோமீட்டரில் இருக்கும் வின்செல்சியைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தோம், அங்கே ஒன்றும் இல்லை. அக்டோபரில் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறேன். ரையில் எத்தனை நாள் தங்கலாம்?

அன்புள்ள தம்பி,

இரண்டு நாள் போதும். கடத்தல்காரர் கதைகளை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தக் கரையைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடத்தில் திரும்ப எப்படி மனசு வந்தது? பழைய வின்செல்சியைக் கடல் கொண்டுபோய்விட்டது. புயல் மேல் புயலாக அடித்து, 1287ல் வந்ததோடு அது முடிந்தது. மன்னர் முதலாம் எட்வர்ட் குன்றின் மேல் சதுரம் சதுரமாகத் தெரு வகுத்துக் கொடுத்த புது ஊரில்தான் நீங்கள் நடந்தீர்கள். காலடியில் ஒயின் வணிகர்களின் கல் நிலவறைகள் இருக்கின்றன. தெற்கே வீடுகள் முடிந்த பிறகும் நடந்தால் நியூ கேட் என்ற வாசல் தனியாக நிற்கும். ஊர் அதுவரை இருக்கும் என்று நம்பிக் கட்டியவர்கள் தம்பி! பிரெஞ்சுக்காரர்கள் வந்து எரித்தார்கள், அப்புறம் துறைமுகமும் தூர்ந்தது. இன்றைக்கும் அந்தச் சின்ன ஊர் ஒவ்வொரு ஈஸ்டர் திங்களன்றும் தனக்கொரு மேயரைத் தேர்ந்தெடுக்கிறது.

பக்கத்துப் பக்கத்து ஊர்களைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன். அதே 1287 புயல்தான் ராதர் ஆற்றை நியூ ராம்னி என்ற பக்கத்துத் துறைமுக ஊரிடமிருந்து பிடுங்கி ரை பக்கம் திருப்பிவிட்டது. ரையில் நீங்கள் ரசித்த செழிப்பில் அந்த ஊரின் நஷ்டமும் இருக்கிறது.

நியூ ராம்னி தேவாலயத்துக்குள் படி இறங்கித்தான் போக வேண்டும். அந்தப் புயல் கொட்டிய மணலும் வண்டலும் சுற்றியுள்ள நிலத்தை அவ்வளவு உயர்த்திவிட்டன. நான் போனபோது அம்மா கூட இருந்தாள். தூணில் இருந்த கறையைத் தடவிப் பார்த்து, "தண்ணி இதுவரைக்கும் வந்துச்சாடா?" என்றாள். வழி முழுக்க வேறு பேச்சே இல்லை. அம்மா போய் நாலு வருடம் ஆகிறது.

உங்கள் அம்மாவையும் அங்கே கூட்டிப்போங்கள். படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.