தத்துவம் எம்.ஏ. படிக்க 8 லட்சம் லோன் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார், திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வயசு 36, கைக்கு 42,000 வருது. பி.காம் படிக்கும்போதுல இருந்தே தத்துவம் படிக்கணும்னு ஆசை. வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்ணு ஆன்லைன்ல பார்ட் டைம் எம்.ஏ. நடத்துறாங்க, 8 லட்சம் ஆகும், லோன் கிடைக்கும், வட்டிக்கு வரிவிலக்கும் உண்டுங்குறாங்க. இல்லன்னா இக்னோல (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தபால்ல சேரலாம். நகைக்கடன் 1,20,000 இருக்கு, சேமிப்பு 90,000. வீட்டுல "இதப் படிச்சு என்ன வரப்போகுது"ங்குறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: படிங்க சகோதரி, தாராளமா படிங்க. ஆனா அந்த 8 லட்சம் லோன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கணக்க நீங்களே போட்டுப் பாருங்க. 11 சதவீத வட்டில 7 வருஷம்னு வச்சா மாசம் சுமார் 13,700 இஎம்ஐ, உங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கு, கடைசில வட்டி மட்டுமே மூணரை லட்சம் கட்டியிருப்பீங்க. வரிவிலக்குன்னு சொல்றாங்களே, அந்த கல்விக்கடன் வட்டிக் கழிவு பழைய வரிமுறைல இருக்கறவங்களுக்குத்தான், அதுவும் வரி கட்டுறவங்களுக்குத்தான் பிரயோஜனம். உங்க வருமானத்துக்கு புது முறைல வரியே வராது, அப்புறம் எதுல இருந்து கழிக்கறது? இத சொல்லாம லோன் விக்கறாங்க பாருங்க, எனக்கு கோவமே வருது.

அந்த கடன அடைக்கற அளவுக்கு இந்தப் படிப்புல சம்பளம் வருமான்னா, அதுவும் சொல்லிடறேன். காலேஜ்ல உதவிப் பேராசிரியர் ஆகணும்னா எம்.ஏ.ல 55 சதவீதம் (ஓபிசி கிரீமி லேயர்ல வராதவங்க, எஸ்சி, எஸ்டின்னா 50) எடுத்து நெட்ங்கற தேசிய தகுதித் தேர்வு எழுதலாம், அதுக்கு வயசு வரம்பு இல்ல. அதே தேர்வு மூலமா ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை மாசம் 37,000 உண்டு, ஆனா அதுக்கு 30 வயசு, பெண்களுக்கு 5 வருஷம் சலுகை சேத்தாலும் 35, அது உங்களுக்கு தாண்டிடுச்சு. நம்ம ஊர்ல தத்துவத்துக்கு டிபார்ட்மென்ட் இருக்கற காலேஜே கம்மி, கௌரவ விரிவுரையாளரா போனா இப்ப வாங்கறத விட கம்மியாத்தான் கிடைக்கும். அதனால வேலைய விடாதீங்க, படிப்ப படிப்புக்காகவே படிங்க. வீட்டுல கேக்கறதுக்கும் இதையே நேரா சொல்லிடுங்க, காசு வராது, கடனும் வராது, எனக்கு பிடிச்சிருக்குன்னு. ஒரு பெண் இத்தன வருஷம் மனசுல வச்சிருந்த ஆசைக்கு இதுக்கு மேல காரணம் எதுக்குங்க?

இக்னோல எந்த டிகிரி முடிச்சவங்களும் தத்துவம் எம்.ஏ. சேரலாம், குறைஞ்சது 2 வருஷம், 4 வருஷம் வரைக்கும் இழுத்து முடிக்கலாம். மொத்த ஃபீஸும் மேல சொன்ன இஎம்ஐல ரெண்டு மாசத்துக்குள்ள அடங்கிடும், அதையும் வருஷா வருஷம்தான் கட்டப்போறீங்க. தபால்ல படிச்சதுன்னு நெட்டுக்கு தள்ள மாட்டாங்க. அந்த வெளிநாட்டு ஆன்லைன் டிகிரி இங்க செல்லுமான்னு எழுத்துல பதில் வாங்காம யாருமே பணம் கட்டக்கூடாது.

உங்களுக்கு நிஜமான செலவு நேரம்தான். 30 சதவீத மார்க் அசைன்மென்ட்டுக்கு, கையால எழுதிக் குடுக்கணும், ஜூன் பரீட்சைக்கான அசைன்மென்ட் வேலை மார்ச், ஏப்ரல்ல வந்து நிக்கும், அக்கவுண்ட்ஸ்காரங்களுக்கு அது இயர் எண்டிங், ராத்திரி 9 மணிக்கு வீடு வர்ற நேரம். அதனால ஒரே மூச்சுல முடிக்கணும்னு நினைக்காம பாதி பேப்பர டிசம்பர் பரீட்சைக்கு தள்ளி வச்சுக்கோங்க.

90,000-ல 30,000 நகைக்கடன் அசலுக்கு போடுங்க, முதல் வருஷ ஃபீஸ், பரீட்சை ஃபீஸுக்கு 12,000 ஒதுக்குங்க, மீதி அவசரத்துக்கு, அதத் தொடாதீங்க. பிஎஃப்லயும் கை வைக்க வேண்டாம்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. இக்னோ பாடப் புத்தகமெல்லாம் ஈஞானகோஷ்ங்கற அவங்க வெப்சைட்ல இங்கிலீஷ்ல இலவசமா இருக்கு, அதுல லாஜிக் பாடம் ஒண்ணு, இந்தியத் தத்துவத்துல நியாயம்ங்கற தத்துவப் பிரிவு பத்தின பாடம் ஒண்ணு எடுத்து ஒரு மாசம் படிச்சு, ரெண்டு கேள்விக்கு பதில் எழுதிப் பாருங்க. தூக்கம் வராம எழுதினீங்கன்னா ஜூலை அட்மிஷன்ல சேந்துடுங்க, அதுக்கு முன்னாடி டெப் ஐடி (தொலைதூரப் படிப்புல சேர யுஜிசி குடுக்கற நம்பர்) மட்டும் எடுத்து வச்சுக்கோங்க, அது இல்லாம அப்ளிகேஷன் போகாது.