அப்பாவோட கண் வீக்கம் கேன்சருங்களா?

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 58 வயசு, ஈரோட்ல மஞ்சள் மண்டில வேலை. ஆறு மாசமா ரெண்டு மேல் இமையும் வீங்கிருக்கு, வலி இல்லீங்க. தூசி அலர்ஜினு சொட்டு மருந்து ஊத்தியும் குறையல, தைராய்டு டெஸ்ட்டும் நார்மல். இப்ப எம்ஆர்ஐல ரெண்டு கண்ணீர் சுரப்பியும் பெருசு, வெளிப்பக்க தசை தடிப்பு, கண்ணுக்குக் கீழ போற நரம்பும் தடிப்பு, ஐஜிஜி4 நோயானு பாருங்கனு எழுதிருக்காங்க. கேன்சருங்களா?

பதில்: இந்த ரிப்போர்ட் எழுதுனவரு படத்த நல்லா பாத்திருக்காருங்க தம்பி. சுரப்பி வீங்கறது பல நோய்ல வரும், அத மட்டும் வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது, ஆனா அந்த நரம்பு இருக்கே, கண்குழிக்கு அடி எலும்புக்குள்ள ஓடி கன்னத்துக்கு உணர்ச்சி குடுக்கறது, அது ரெண்டு பக்கமும் தடிச்சு சில பேருக்கு பார்வை நரம்ப விட பருமனா படத்துல தெரிஞ்சா எங்களுக்கு மொதல்ல ஞாபகம் வர்றது ஐஜிஜி4 நோய்தான், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா வேலை செஞ்சு சுரப்பி, உறுப்புகள வீங்க வெக்கறது. தைராய்டுனா பெரும்பாலும் கீழ்த்தசையும் மூக்குப்பக்க தசையும்தான் மொதல்ல பெருக்கும், அப்பாவுக்கு வெளிப்பக்க தசைங்கறதும் ஒத்துப்போகுது. ஒரு பக்கம் மட்டும் தடிச்சு கன்னமும் மரத்துப்போச்சுனா தோல் கேன்சர் நரம்பு வழியா பரவுதானு யோசிக்கணும், அப்பாகிட்ட அத கேட்டுப்பாருங்க.

அதுக்காக கேன்சரே இல்லைனு நான் இப்பவே சொல்லமாட்டேன். லிம்போமாங்கற நிணநீர் கேன்சரும் இதே மாதிரி வலியில்லாம வரும். அதனால யாராச்சும் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் குடுத்தா பயாப்சிக்கு (சதைய எடுத்து சோதிக்கறதுக்கு) முன்னாடி ஆரம்பிச்சுப்போடாதீங்க, ரெண்டு நோயுமே ஸ்டீராய்டுக்கு வத்தும், பொறவு சதை எடுத்துப் பாத்தாலும் தெளிவா தெரியாது. பயாப்சினதும் கண்ணயே அறுப்பாங்கனு பயப்படாதீங்க, இமை மடிப்புல சின்னதா கீறி சுரப்பில ஒரு துணுக்கு எடுப்பாங்க, அவ்வளவுதான். ரத்தத்துல ஐஜிஜி4ங்கற புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 135 மில்லிகிராமுக்கு மேல இருந்தா சந்தேகம் கூடும், நார்மல்னு வந்தாலும் நோய் இல்லைனு ஆகாது.

தாடைக்குக் கீழ கட்டி மாதிரி தட்டுப்படுதானு தொட்டுப்பாருங்க, எச்சில் சுரப்பியும் கூடவே வீங்கும். கணையம், கிட்னிக்கும் இது போகும், வயித்து ஸ்கேன் ஒன்னு தேவைப்படும். ஐஜிஜி4னு உறுதியானா ஸ்டீராய்டுல நல்லாவே குறையும், ஆனா டோஸ குறைக்கறப்ப திரும்ப வர்றதும் உண்டு, அப்ப ரிடக்சிமாப் மாதிரி ஊசி போடுவாங்க. மருந்துக்கு முன்னாடி சுகர், டிபி, மஞ்சக்காமாலை பி டெஸ்ட் மூனும் பாத்தறணும்.

பார்வை மங்குனாலோ, ஒரு கண்ணுல செவப்பு நிறம் வெளுத்துத் தெரிஞ்சாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்க வேண்டாங்க, அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருங்க.