முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சரியாகக் கவனிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் துபாயில் இருக்கிறார். அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்ததில் இடது கை, கால் பலவீனம். கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார். வீடியோ காலில் அம்மா "நல்லா இருக்கேன்" என்கிறார், ஆனால் பார்க்க மெலிந்து தெரிகிறாராம். எதைக் கவனிப்பது, சரியில்லை என்றால் யாரிடம் போவது என்பது கேள்வி.

நான் கடலூர்க்காரி. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மஞ்சக்குப்பத்திலிருந்து பாகூர் வரைக்கும், டிரஸ்ஸிங் போட, டியூப் மாற்ற என்று கூப்பிடுகிற வீடுகளுக்கும் சில இல்லங்களுக்கும் போய்வருகிறேன். என் பெரியம்மாவும் கடைசிக் காலத்தில் இல்லத்தில்தான் இருந்தார். ஆகவே உள்ளே நடப்பதும் தெரியும், வெளியில் நின்று தவிப்பதும் தெரியும்.

முதலில் அந்த வீடியோ காலைச் சொல்கிறேன். அம்மாவுக்கு எதிரே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? அவரைக் குளிப்பாட்டும் ஆயா. அவள் முன்னால் "உன்னை நல்லா பாத்துக்கிறாங்களாம்மா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேமராவுக்குள் வருவது முகமும் சீவிய தலையும் மட்டும். கெட்டுப்போகும் இடமெல்லாம் போர்வைக்குக் கீழே இருக்கிறது.

அதனால் நேரில் ஒரு ஆள் போக வேண்டும். சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி எல்லா இல்லங்களுக்கும் நல்ல நேரம். தரை பளபளக்கும், சாம்பிராணி மணக்கும், எல்லோரும் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வார நாளில் சாயங்காலம் ஆறரைக்குப் போங்கள். பல இடங்களில் ஐந்தரை, ஆறுக்கே ராத்திரி இட்லியைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். பகல் ஆட்கள் கிளம்பும் முன் வேலை முடிய வேண்டுமே. அடுத்த சாப்பாடு காலை எட்டரைக்கு. நடுவில் பதினாலரை, பதினைந்து மணி நேரம் வெறும் வயிறு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும், உளறுவார். "ராத்திரி சும்மா கத்தறாங்க" என்று இல்லத்தில் சொல்வார்கள்.

போகிறவர் அம்மாவின் உடம்பைப் பார்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். உங்கள் அக்காவோ சித்தியோ போனால் நல்லது. "டிரஸ் மாத்தி விடறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுத்தண்டு முடியும் இடம், இடுப்பின் இரு பக்கம், குதிகால், காது மடலின் பின்பக்கம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கைப்புண், இங்கே எல்லோரும் பெட்சோர் என்பது, அங்கேதான் ஆரம்பிக்கும். சிவப்பாக இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு சீக்கிரம் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, கொஞ்சம் சூடாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். நிறம் வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது, நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தின் மேல் உட்கார வைக்கவும் கூடாது. இரண்டும் இன்னும் கெடுக்கும்.

"ஏர் பெட் போட்டிருக்கோம் சார்" என்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஏர் பெட் போட்டாலும் ஆளைத் திருப்பித்தான் போட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. சில இடங்களில் அந்த மெத்தையின் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபோன் சார்ஜருக்குப் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். தண்ணீர் குறைந்தால் டயப்பர் குறையும், டயப்பர் குறைந்தால் வேலை குறையும். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்வதில்லை; கையெட்டும் தூரத்தில் தம்ளரை வைக்காமல் விட்டாலே போதும், தானாக நடந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இடது கை வராது, தண்ணீர் பாட்டில் இடது பக்கம் இருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கடும் நாற்றத்தோடு வருகிறதா என்று பாருங்கள். போன வாரம் வரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று சம்பந்தம் இல்லாமல் பேசினால், யார் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம். இரண்டையும் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். அதே போல, பட்டப்பகலில் தாடை நெஞ்சில் இடிக்கத் தூங்கி வழிந்தால், என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதினார், சீட்டு எங்கே என்று கேளுங்கள். தூக்க மாத்திரை கொடுத்து அமைதியாக வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு.

மெலிந்து தெரிகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான் மெலிந்தார். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கேட்டால் "பசியில்லைடி". இல்லத்தில் கேட்டால் "சாப்பாடு வைக்கிறோம், அவங்கதான் சாப்பிடறதில்லை". தட்டைப் பார்த்தேன். உதிரி உதிரியான சோறு, முருங்கைக்காய் சாம்பார், கேரட் பொரியல். குறை சொல்ல ஒன்றுமில்லை, பல் இருப்பவர்களுக்கு. பெரியம்மாவின் பல்செட் எங்கே என்று தேடினால், அலமாரியில் அவருடைய பழைய வெற்றிலை டப்பாவுக்குள் காய்ந்து கிடந்தது. ஆயாவைக் கேட்டேன். "கேட்டாத்தான் போட்டு விடுவோம்க்கா." பெரியம்மாவிடம், ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா சிடுசிடுங்கறாளுங்க. விடு. நீ பேசிட்டு போயிடுவ, நான் இங்கதானே கெடக்கணும்."

இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் புகாரில் இறங்கக் கூடாது. ஆபீசில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு நாம் பஸ் ஏறிவிடுவோம்; அன்று ராத்திரி அவர் டயப்பரை யார் மாற்றுவது? நான் அப்போது சத்தம் போடவில்லை. அந்த ஆயாவோடு உட்கார்ந்து, பல்செட்டை எப்படிக் கழுவுவது, எப்படி மாட்டுவது என்று காட்டினேன். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ராத்திரி முழுக்க ஒரு தளத்துக்கே அவள் ஒருத்திதான். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாதாமாதம் கட்டணத்தை ஏற்றிக்கொண்டு, ஆளைக் கூட்டாத நிர்வாகத்தின் மேல்தான் வந்தது. இல்லத்தில் சேர்க்கும்போதே "ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை பேரைப் பார்ப்பார்கள்" என்று கேளுங்கள். ஏசி இருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

சரி, சொல்லியும் திருந்தவில்லை, புகார் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் முன், அந்த இல்லம் எந்த அரசாங்கத்தின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். நம் பகுதியில் இது வேடிக்கையான விஷயம். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, அதற்குள் தமிழ்நாட்டுத் துண்டுகள், அதற்குள் மறுபடி புதுச்சேரி. விளம்பரத்தில் "பாண்டிச்சேரியில் அமைதியான சூழலில்" என்று இருக்கும். இடம் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கும். தப்பான அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது அங்கேயே தூங்கும். சொத்து வரி ரசீதிலோ மின் கட்டண அட்டையிலோ ஊராட்சியா கொம்யூனா (புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாயத்துக்கு அதுதான் பெயர்) என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர். முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையில் பதிவு செய்ய வேண்டும், எனவே முதல் கேள்வி பதிவு இருக்கிறதா என்பது. கூடவே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பக்கம் என்றால் அங்குள்ள சமூக நலத்துறை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. அடித்திருக்கிறார்கள், கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். ஆளை வெளியே எடுத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், காயத்தை டாக்டர் எழுதிக் கொடுப்பார், போலீசுக்கு அது வேண்டும்.

பலரும் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். அது பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றியது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்பது, கவனிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைத் திரும்பப் பெறுவது எல்லாம் அதில் வரும். தனியார் இல்லம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அதைச் சேர்க்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது, சட்டமாகவில்லை. உங்கள் நிலைக்கு அதைவிடப் பயன்படுவது இரண்டு. பணம் வாங்கிக்கொண்டு சேவை தருவதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. இன்னொன்று பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தின் 357-வது பிரிவு. இயலாதவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்னத் தண்டனைதான். ஆனாலும் மனுவில் அந்த எண்ணைப் போட்டால் நிர்வாகி ஃபோனை எடுக்கிறார்.

எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும். சேர்க்கும்போது ஒப்பந்தம், மாதாமாதம் ரசீது, குறைகளைத் தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியது, புண்ணின் புகைப்படம். அந்தப் புகைப்படத்தை டாக்டருக்கும் அதிகாரிக்கும் மட்டும் காட்டுங்கள், குடும்ப குரூப்பில் போட வேண்டாம். அம்மா பார்த்தால் உடைந்துபோவார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்: குடும்பத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரம விவகாரம் எப்படி வெளியே வந்தது என்று நினைவிருக்கலாம். அங்கே சேர்த்த முதியவர் ஒருவரைப் பார்க்கப் போனால் ஆள் இல்லை, பெங்களூரில் உள்ள இல்லத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள், அங்கும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய அனுமதி இல்லாமல் நடந்தது, உள்ளே இருந்தவர்களைக் கொடுமைப்படுத்தினார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டு எழுந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. எனவே அசல் ஆதார், பென்ஷன் புத்தகம், ஏடிஎம் கார்டு எதையும் இல்லத்தில் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

பெரியம்மாவை நாங்கள் பிறகு அரியாங்குப்பம் பக்கம் ஒரு பழைய வீட்டில் நடக்கும் இல்லத்துக்கு மாற்றினோம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஒரே ஒரு மேற்கத்திய கழிப்பறை. ஆனால் ராத்திரி ஏழரைக்குச் சூடாகக் குழைந்த சோறு வரும், படுக்கும் முன் பால் வரும், நான் எந்த நேரம் போனாலும் கதவைத் திறப்பார்கள். வளையல் திரும்ப மணிக்கட்டுக்கு வந்தது.

நீங்கள் துபாயில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முடியாது. நெல்லிக்குப்பத்தில் அண்ணன் மகன் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அவனிடம் பேசுங்கள். வாரம் ஒரு தடவை, நேரம் மாற்றி மாற்றிப் போகச் சொல்லுங்கள், பெட்ரோல் காசைத் தயங்காமல் அனுப்புங்கள். மாதம் ஒரு முறை வெளியிலிருந்து ஒரு நர்ஸ் போய் உடம்பைப் பார்த்து எடை குறித்துவரட்டும். அதற்குச் சம்மதிக்காத இல்லத்தில் அம்மாவை வைத்திருக்க வேண்டாம். மாற்றுவது என்று முடிவானால், மருந்துச் சீட்டு, கடைசியாக மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, கொடுத்த டெபாசிட்டுக்கான ரசீது மூன்றையும் கையில் வாங்கிய பிறகு கிளம்புங்கள். எந்த இடம், எப்போது, யார் கூட வருவார்கள் என்று அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் பக்கத்துப் படுக்கைத் தோழியிடம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.