சம்பந்தியின் கில்ட்டும் தாத்தாவின் தொப்பியும்

ஸ்காட்லாந்தில் சம்பந்தம் செய்துகொண்டவர்கள், அங்கே போய்க் குடும்பமாகிவிட்டவர்கள் என்று பல வாசகர்கள் அந்த ஊர்த் தாத்தாக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை பதில்கள் எல்லாம் அவர்களுக்கே.

கேள்வி: என் மருமகள் ஸ்காட்லாந்துக்காரி. அவளுடைய அப்பா, எங்கள் சம்பந்தி, போன வருடம் காலமானார். கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் இருந்தபோது கட்டிய கில்ட்டை, அதாவது அந்த ஊர் ஆண்கள் இடுப்பில் கட்டும் கொசுவம் வைத்த கம்பளி உடையை, பேரனுக்கென்று எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பள்ளி முடிப்பு விழாவுக்கு அதைத்தான் கட்டுவேன் என்கிறான் பேரன். குடும்பப் பெயர் எங்களுடையது, கார்டன் குலத்தோடு எந்த ஒட்டும் இல்லை. பூச்சி வேறு அங்கங்கே அரித்திருக்கிறது. கட்டலாமா? (வாசகி, அபர்டீன்)

பதில்: கட்டட்டும், தாராளமாகக் கட்டட்டும். எந்தக் குலத்துக்காரர் எந்த டார்ட்டன் (கில்ட் தைக்கிற கட்டம்போட்ட துணி) கட்டலாம் என்று ஸ்காட்லாந்தில் சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம் மட்டும்தான் உண்டு. அந்த வழக்கத்திலும் அம்மா வழியில் வந்ததைக் கட்டுவதற்கு நல்ல இடம் இருக்கிறது. கார்டன் டார்ட்டன் கதையைக் கேட்டால் உங்கள் தயக்கம் போய்விடும். 1794-ல் அந்தப் படையைத் திரட்டியபோது, பிளாக் வாட்ச் படையினர் கட்டிய கரும்பச்சை, நீலக் கட்டத்தில் ஒரு மஞ்சள் கோட்டைச் சேர்த்து நெய்த துணி அது. அதாவது படைக்காக நெய்தது, பிறகுதான் குலத்தின் அடையாளம் ஆயிற்று. உங்கள் சம்பந்தி அந்தப் படையிலேயே இருந்தவர். கார்டன் என்ற பெயரோடு பிறந்து கடையில் வாங்கிக் கட்டுகிறவரைவிட உங்கள் பேரனுக்கு அந்த மஞ்சள் கோட்டோடு உள்ள உறவு நெருக்கமானது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, துணி விஷயம். முதலில் பூச்சியை ஒழிக்க வேண்டும். கில்ட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுப் பையைப் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே இருக்கட்டும். அப்புறம் கில்ட் தைப்பவரிடம் கொண்டுபோங்கள், சாதாரணத் தையல்காரரிடம் வேண்டாம். நல்ல கில்ட்டில் பின்பக்கக் கொசுவத்துக்குள்ளேயே ஏராளமான துணி ஒளிந்திருக்கும், மொத்தம் 8 கெஜம் என்பது வழக்கமான கணக்கு. கண்ணுக்குப் படாத உள்மடிப்பிலிருந்து நூல் உருவி, ஓட்டையை அதே கட்டம் மாறாமல் நெய்து அடைக்க அவர்களுக்குத் தெரியும். இடுப்பு அளவுக்கு வாரையும் பக்கிளையும் நகர்த்தித் தைத்தால் போதும், வெட்ட வேண்டியதில்லை. கில்ட் பேரனுக்குப் போய்ச் சேருகிற உடையாக இருப்பதற்கு அந்தத் தையலும் ஒரு காரணம்.

ஒன்று மட்டும் பேரனிடம் சொல்லுங்கள். படைக் கில்ட்டில் ஒரே கோடு ஒவ்வொரு கொசுவத்திலும் வரும்படி மடித்திருப்பார்கள், மற்றவர்கள் கட்டுவதில் கட்டம் பின்புறமும் அப்படியே தொடரும்படி மடிப்பதுதான் அதிகம். பின்னால் மஞ்சள் கோடு மட்டும் வரிசையாக நிற்பதைப் பார்த்து யாராவது இது தப்பாகத் தைத்தது என்றால், அது என் தாத்தாவின் படை வழக்கம் என்று சொல்லட்டும். கில்ட் ஊசியை முன்பக்கத்து மேல் மடிப்பில் மட்டும் குத்த வேண்டும், கீழ் மடிப்போடு சேர்த்துக் குத்தினால் துணி இழுத்துக் கிழியும். விளிம்பு முழங்கால் நடுவில் நிற்க வேண்டும். தாத்தாவின் பதக்கங்கள் இருந்து, நினைவு நாள்களில் அணிவதாக இருந்தால் வலது மார்பில் குத்துவதுதான் மரபு, இடது மார்பு பதக்கம் வாங்கியவருக்கு உரியது.

கேள்வி: குலத்துக்கொரு டார்ட்டன் என்பதே 1822-ல் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் கிளப்பிவிட்ட கதை என்று படித்தேன். இட்டுக்கட்டிய மரபை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டும்? (வாசகர், லண்டன்)

பதில்: பாதி சரி. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். அதற்கு முன் ஏறக்குறைய 170 ஆண்டுகளாக, ஆட்சியில் இருக்கும்போது எந்த மன்னரும் ஸ்காட்லாந்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வரவேற்பை வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்தார், ஊரே டார்ட்டனில் நின்றது, மன்னரும் கில்ட் கட்டினார். அதற்கு முன்பே, 1815-ல், லண்டனில் இருந்த ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் மலைப்பக்கம்) சங்கம் குலத் தலைவர்களிடம் உங்கள் டார்ட்டன் மாதிரியை அனுப்புங்கள் என்று கேட்டபோது பலருக்கு எது தங்களுடையது என்றே தெரியவில்லை. ஆக, பெயருக்கொரு கட்டம் என்ற ஒழுங்கு 19-ஆம் நூற்றாண்டில் உருவானது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் துணியும் உடையும் அதற்கு ரொம்ப முந்தையவை, அவற்றுக்காக ஜனங்கள் பட்ட பாடும் உண்மையானது. 1746 ஏப்ரலில் கலோடன் போரில், பழைய ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றப் போராடிய ஜேக்கபைட் படை தோற்றது, அதே வருடம் ஹைலேண்ட் உடைக்குத் தடைச் சட்டம் வந்தது. முதல் தடவை மாட்டினால் 6 மாதச் சிறை, மறுபடி மாட்டினால் 7 வருடம் நாடு கடத்தல். சிறுவர்களுக்கும் அதே சட்டம். அரசப் படையில் சேர்ந்தால் மட்டும் கட்டலாம்! 1782-ல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட 36 வருடத்தில் தாத்தா கட்டியதைப் பேரன் கண்ணால் பார்க்காமலே வளர்ந்துவிட்டான். அந்த இடைவெளியை ஸ்காட்டும் நெசவாலைகளும் தங்கள் கற்பனையை வைத்து நிரப்பினார்கள் என்பது உண்மை. அதற்கப்புறம் வந்த தாத்தாக்கள் 200 வருடமாக அதைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போருக்கும் கட்டியிருக்கிறார்கள், அதுவும் உண்மைதான். இதற்கு மேல் ஒரு மரபுக்கு என்ன சான்று வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கில்ட்டோடு காலுறையில் செருகும் சின்னக் கத்தி, ஸ்கீன் டூ, வைத்துக்கொண்டு தெருவில் போனால் போலீஸ் பிடிக்குமா? (வாசகர், டண்டீ)

பதில்: ஸ்காட்லாந்தின் 1995 குற்றவியல் சட்டத்தில், தேசிய உடையின் பகுதியாக வைத்திருப்பது ஏற்கத்தக்க காரணம் என்று இடம் இருக்கிறது. முழு உடையோடு கல்யாணத்துக்குப் போகும்போது சிக்கல் வராது. ஜீன்ஸ் பையில் வைத்துக்கொண்டு போனால் அந்தக் காரணம் செல்லாது. விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. பள்ளி விழா என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கத்தி இல்லாமல் போவதே நல்லது.

கேள்வி: என் மனைவியின் தாத்தா கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் கில்ட் கட்டியதே இல்லையாம். எங்கள் பையன் பாரம்பரிய நாளுக்கு எதைக் கொண்டுபோவது, எங்களிடம் ஒன்றுமே இல்லையே என்று மனைவி வருத்தப்படுகிறாள். (வாசகர், கிளாஸ்கோ)

பதில்: இந்தக் கடிதம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. கில்ட் மலைப்பக்கத்து உடை. தெற்கே சமவெளியில், சுரங்கத்திலும் ஆலையிலும் கப்பல் தளத்திலும் உழைத்த லட்சக்கணக்கான தாத்தாக்கள் அதைத் தொட்டதே இல்லை. அவர்களை விட்டுவிட்டு ஸ்காட்லாந்து ஏது? உங்கள் மனைவியின் தாத்தாவுக்கும் ஒரு உடை இருந்திருக்கும்: தலையில் பனெட் என்கிற தட்டைத் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், ஞாயிற்றுக்கிழமைக்கென்று இஸ்திரி போட்டு வைத்த ஒரே ஒரு சூட். அந்தத் தொப்பி இன்னும் வீட்டில் இருந்தால் பையன் அதைப் போட்டுக்கொண்டு போகட்டும். எந்தத் தளம், என்ன வேலை, எந்தக் கப்பல் என்று மாமியாரிடம் கேட்டு நாலு வரி எழுதிக் கொடுங்கள்.

பழக்கங்களையும் கேளுங்கள். ஓட்ஸ் கஞ்சிக்கு உப்புப் போட்டாரா, சர்க்கரையா? பழைய தாத்தாக்கள் தண்ணீரில் காய்ச்சி, ஸ்பர்ட்டில் என்ற மரக்குச்சியால் கிண்டி, உப்புப் போட்டுத்தான் சாப்பிட்டார்கள், சர்க்கரை போட்டால் சண்டைக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. சனிக்கிழமை எந்தக் கால்பந்து அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்? கிளாஸ்கோவில் பல வீடுகளில் அதுவும் தாத்தா சொத்துதான்.

கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போனாரா என்றும் கேளுங்கள், இது முக்கியம். மதச் சீர்திருத்தத்தின் தொடர்ச்சியாக, 1640-ல், ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒழித்தது, அது மறுபடி பொது விடுமுறை ஆனது 1958-ல்தான். ஆகவே அவருக்குப் பெரிய பண்டிகை ஹாக்மனே, அதாவது டிசம்பர் 31 இரவு. வீட்டைச் சுத்தம் செய்து, கடன்களை அடைத்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு முதலில் வாசலைத் தாண்டி வருகிறவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் கையில் கரித்துண்டு, ஷார்ட்பிரெட், விஸ்கி என்று ஏதாவது இருக்க வேண்டும், கருத்த முடி உள்ள ஆணாக இருந்தால் அந்த வருடம் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. கருத்த முடி உள்ள மாப்பிள்ளை நீங்கள் இருக்கிறீர்கள், வரும் ஹாக்மனேவுக்கு மாமனார் வீட்டு வாசலில் கரியோடு போய் நில்லுங்கள், நிச்சயம் சந்தோஷப்படுவார்கள்.

கேள்வி: என் கணவரின் தாத்தா லூயிஸ் தீவுக்காரர். மலைப்பக்கத்துப் பழைய மொழியான கேலிக் நன்றாகப் பேசுவாராம், ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஏன் அப்படி? (வாசகி, இன்வர்னெஸ்)

பதில்: அவர்மேல் கோபப்படாதீர்கள். 1872 கல்விச் சட்டத்தில் கேலிக்குக்கு இடமே இல்லை, பள்ளியில் அதைப் பேசி அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு. தான் பட்ட அவமானம் பிள்ளைக்கு வேண்டாம், இங்கிலீஷ் வந்தால்தான் பிழைக்க முடியும் என்று அந்தத் தலைமுறை முடிவு செய்தது. கைவிட்டதும் பாசத்தால்தான். கேலிக் வழிக் கல்வி 1985-ல் கிளாஸ்கோவிலும் இன்வர்னெஸ்ஸிலும் தொடங்கியது, உங்கள் ஊரிலேயே பிள்ளைகளைச் சேர்க்கலாம். தாத்தா வயதில் யாராவது உறவினர் தீவில் இருந்தால் இப்போதே போய்ப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தாத்தாவின் தாத்தா யார் என்று கண்டுபிடிக்க எங்கே தொடங்குவது? (வாசகர், எடின்பரோ)

பதில்: ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1855 ஜனவரி 1-ல் கட்டாயமானது. ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், உங்கள் ஊரில் அதற்கான மையமும் இருக்கிறது. திருமணச் சான்றில் இரு பக்கத்துப் பெற்றோர் பெயரும், அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும், ஒரு காகிதத்தில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். பழைய குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைப்பது வழக்கம், நமக்கும் பழகின விஷயம்தான். பதிவு எதுவும் கிடைக்காத இடத்தில் பேரன்களின் பெயரை வரிசையாக எழுதிப் பாருங்கள், தாத்தாக்கள் பெயரை அதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் எல்லாக் குடும்பமும் அந்த வரிசையைப் பின்பற்றவில்லை, சான்று கிடைத்த பிறகே உறுதி செய்யுங்கள்.