குதிரையேறிய பண்ணையார்கள்: கேள்வி – பதில்

கேள்வி: டாங்கியும் விமானமும் வந்துவிட்ட 1936இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தன்னார்வக் குதிரைப்படைகள் இருந்தன என்று படித்தேன். வேடிக்கையாக இருக்கிறது. அவற்றால் உண்மையில் என்ன பயன்? (கல்லூரி மாணவி)

பதில்: வேடிக்கை இல்லை அம்மா. நான் இளவயதில் பத்து வருஷம் ஒரு குதிரை லாயத்தில் கால்நடை மருத்துவருக்கு எடுபிடியாக இருந்தவன். போர் என்று எங்கே படித்தாலும் முதலில் தீவனக் கணக்குத்தான் போட்டுப் பார்ப்பேன். சவாரிக் குதிரை ஒன்றுக்கு நாளுக்குப் பத்து கிலோ தீனி, முப்பது லிட்டர் தண்ணீர். நூறு குதிரை என்றால் தினம் ஒரு டன் தீனி. மழை பெய்தாலும் குண்டு பெய்தாலும் வேளைக்கு வந்தாக வேண்டும். சம்பளமில்லாத தன்னார்வலருக்கு இதை யார் கொடுப்பார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலே பாதி விஷயம் புரிந்துவிடும். தென் ஸ்பெயினான ஆண்டலூசியாவில், கலகக்காரர் பக்கம் குதிரையோடு வந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்கள், அவர்களுடைய பிள்ளைகள், பண்ணைக் காரியஸ்தர்கள், காளை வளர்ப்போர். குதிரை சொந்தம், சேணம் சொந்தம், வாற்கோதுமை தங்கள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அங்குள்ள செவில்யா நகரில் 1936 ஜூலை 18 அன்று குடியரசு அரசுக்கு எதிரான ராணுவக் கலகத்தைத் தொடங்கிய தளபதி கெய்போ டெ யானோவும் குதிரைப்படையிலிருந்து வந்தவர்தான். ஆகவே அங்கே தன்னார்வக் குதிரைக்காரர்களுக்கு வரவேற்புக்குக் குறைவில்லை.

அவர்களுடைய வேலை போர்முனையில் இல்லை, முனைக்குப் பின்னால் இருந்தது. ராணுவம் லாரிகளில் நெடுஞ்சாலையோடு போய்விடும். சாலையை விட்டு விலகினால் ஆலிவ் தோப்பு, கருவாலி மரக்காடு, குவாதல்கிவீர் ஆற்றுச் சதுப்பு. தப்பி ஓடிய குடியரசு ஆதரவாளர்கள் ஒளிந்திருந்தது அங்கேதான். லாரி போகாத அந்த இடங்களில் குதிரை போகும். எந்த ஒற்றையடிப்பாதை எந்தக் கிணற்றுக்குப் போகும் என்பதும் சேணத்தில் இருப்பவனுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், எதிரே ஓடுகிறவன் யாருடைய மகன், போன வருஷம் எந்தக் கூலி வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. பட்டாளத்தானுக்கு முகம் தெரியாது. இவனுக்குப் பெயரே தெரியும்.

பின்னணி இதுதான்: 1932இல் குடியரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அது நத்தை வேகத்தில் நகர்ந்தது. பொறுமையிழந்த விவசாயிகள் 1936 மார்ச் 25 அன்று பக்கத்து மாநிலமான எஸ்த்ரெமதூராவின் படாஹோஸ் வட்டாரத்தில், ஏறத்தாழ அறுபதாயிரம் பேர், சுமார் மூவாயிரம் பண்ணைகளில் இறங்கி உழத் தொடங்கினார்கள். நான்கு மாதத்தில் கலகம் வந்தது. நிலம் கேட்டீர்களே, இதோ உங்கள் பங்கு என்று சவக்குழியைக் காட்டிய பண்ணையார்கள் உண்டு. ‘குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்று நாம் விளையாட்டாகச் சொல்கிறோம். அங்கே குதிரை தள்ளியதோடு சரி, குழி பறித்தது மேலே உட்கார்ந்திருந்தவன்.

கேள்வி: அப்படியானால் நேருக்கு நேர் சண்டையில் குதிரை தோற்றுத்தான் போனதா?

பதில்: இரண்டு உதாரணம் சொல்கிறேன். இரண்டிலும் இருந்தது முறையான படை, தன்னார்வலர்கள் அல்ல. 1936 அக்டோபர் 29, தலைநகர் மத்ரிதுக்குத் தெற்கே செசேன்யா என்ற ஊர். குடியரசுத் தரப்பில் போரிட்ட பால் அர்மான் என்ற சோவியத் அதிகாரி பதினைந்து டி-26 டாங்கிகளோடு ஊருக்குள் நுழைந்து, கலகப்படையின் குதிரைப்படைப் பிரிவுகளை நசுக்கித் தள்ளினார். ஆனால் பின்னால் வரவேண்டிய குடியரசுக் காலாட்படை வந்து சேரவில்லை. எதிரிகள் எறிந்த எரியும் பெட்ரோல் குப்பிகளால் அடிபட்டு, சில டாங்கிகளை இழந்து, திரும்ப வேண்டியதாயிற்று. துணையில்லாமல் தனியே போனால் இரும்புக்கும் அதே கதிதான்.

அடுத்தது 1938 பிப்ரவரி தொடக்கம், கிழக்கு ஸ்பெயினில் தெருவேல் நகருக்கு வடக்கே அல்ஃபாம்ப்ரா. கலகத் தரப்புத் தளபதி ஹோசே மொனாஸ்தேரியோவின் குதிரைப்படை டிவிஷன் பாய்ந்தது. பலர் இதை மேற்கு ஐரோப்பாவின் கடைசிப் பெரிய குதிரைப் பாய்ச்சல் என்பார்கள். எனக்கு அந்தக் காவியத் தொனி பிடிப்பதில்லை. குண்டுவீச்சில் ஏற்கெனவே குலைந்துபோன முனை அது. பரந்த மேட்டுநிலம், எதிரே ஆள் குறைவு. அந்த இடத்தில் வேகம் பலித்தது. மாத இறுதிக்குள் தெருவேல் நகரமே கலகப்படையின் கைக்கு மாறியது.

இதே மொனாஸ்தேரியோவை 1937இல் கலகத் தரப்பின் தலைவர் பிராங்கோ தன் தரப்புத் தன்னார்வப் படைகள் அனைத்துக்கும் தலைவராக வைத்தார் என்பதைக் கவனியுங்கள். 1936 டிசம்பரிலேயே அவற்றை ராணுவச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தாயிற்று. தங்கள் இஷ்டத்துக்குப் புறப்பட்டு அறுவடைக்கு வீடு திரும்பும் சவாரிக்காரர்களை எந்த ராணுவம் நம்பும்?

கேள்வி: குடியரசுத் தரப்புத் தொழிலாளர்கள் ஏன் இப்படிக் குதிரை ஏறவில்லை?

பதில்: சில குதிரைப் பிரிவுகள் அவர்களிடமும் இருந்தன. ஆனால் கூலிக்காரனுக்குப் பழக்கம் கோவேறு கழுதை. சவாரிக் குதிரை எஜமானுடையது. அவன் அதற்குப் புல் போட்டிருப்பான், உருவி விட்டிருப்பான். ஏறி உட்கார்ந்திருக்க மாட்டான்.

கேள்வி: காளைச் சண்டைக்காரர் எவராவது இந்தக் கூட்டத்தில் இருந்தாரா?

பதில்: அந்தோனியோ கன்யேரோ. குதிரைமேல் இருந்தபடி காளையோடு மோதும் கலையில் பெரும் பெயரெடுத்தவர். கோர்தொபாவில் ஒரு சவாரிக் குழு திரட்டி, சுற்று வட்டாரத்தைச் சலித்தெடுத்தார். போருக்குப் பல வருஷம் கழித்து அவர் கொடுத்த நிலத்தில் ஏழைகளுக்கு வீடுகள் எழுந்தன. கோர்தொபாவில் அந்தக் குடியிருப்புக்குப் பெயர் கன்யேரோ.